பெட்டியைத் திறக்கப் பட்டியல் எதற்கு?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தி மருத்துவமனைக்குச் சென்றால், அவளுடைய உடலிலிருந்தும் உடையிலிருந்தும் மருத்துவர் எடுக்கும் தடயங்கள் தனித்தனி உறைகளில் இடப்பட்டு, ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிடப்படுகின்றன. பஞ்சில் ஒற்றி எடுத்த மாதிரி, நகக்கண்ணில் சுரண்டிய துகள், உதிர்ந்த முடி, இரத்தம், உடுத்தியிருந்த ஆடை ஆகியவை அதில் அடங்கும். காவல்துறையின் கைவழியாக அப்பெட்டி தடய அறிவியல் ஆய்வகத்தைச் சென்றடைகிறது. அங்கே திறக்கப்பட்டால் அது பேசும். திறக்கப்படாவிடில் ஊமையாகவே கிடக்கும்.

பெட்டிகள் பெருகி, அவற்றைத் திறக்கும் கைகள் குறைந்துபோன இடத்தில், எதனை முதலில் திறப்பது என்ற கேள்வி பிறக்கிறது. இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டில் சொல்லப்பட்ட விடைகளுள் ஒன்று இது: குற்றஞ்சாட்டப்பட்டவனின் பழைய வரலாற்றைப் பாருங்கள், முன்பே வழக்கும் தண்டனையும் கண்டவன் சம்பந்தப்பட்ட பெட்டியை முதலில் திறவுங்கள், ஏனையவை பிறகு வரட்டும். ஏட்டளவில் இஃது அறிவுக்குப் பொருத்தமான யோசனையாகவே தோன்றும். நம் நாட்டுக்கும் இதுவே ஏற்றதென்று படித்தவர் சிலர் பேசவும் கேட்கிறோம். ஏற்றதன்று என்பதே நம் துணிபு. ஏன் என்பதை வாசகப் பெருமக்கள் முன் எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எதிர்த்தரப்பின் வாதம்

மறுக்கப் புகுமுன் மறுதரப்பின் சொல்லை முழுமையாகக் கேட்பதே அறிவுடையோர் மரபு. 2009-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரில், காவல்துறை பயன்படுத்திய கிடங்கு ஒன்றில் 11,341 பெட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தமை வெளிப்பட்டது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பெண்ணின் முறையீடு. அவ்வட்டாரத்தின் அரசு வழக்கறிஞர் கிம் வொர்தி அம்மையார் ஆண்டுக்கணக்கில் பணத்துக்கும் ஆளுக்கும் போராடி அவற்றைச் சோதனைக்கு அனுப்பினார். சோதித்தபோது ஏறத்தாழ 800 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கொடுமைகளோடு தொடர்புடையவர்கள் என்று தெரியவந்தது. ஆகவே, ஒருமுறை செய்தவன் மறுமுறையும் செய்கிறான். அவனை முதலில் பிடித்தால் அடுத்த பெண் காப்பாற்றப்படுவாள் என்பது அவர்கள் வாதம்.

நம் மாநிலத்திலும் அதற்குச் சான்று காட்டலாம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்குக் கொடுமை இழைத்தவன் மீது அதற்கு முன்பே பல வழக்குகள் இருந்தன. ஐந்தே மாதங்களில் விசாரணை முடிந்து, 2025 ஜூன் 2 அன்று 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பழைய வழக்குகளுள்ளவனை விரைந்து விசாரித்ததால் நன்மை விளைந்ததன்றோ என்று அவர்கள் கேட்கக்கூடும்.

நம் முன்னோரின் நூல்களிலிருந்தும் அவர்கள் ஆதாரம் காட்டலாம். ஹிஜ்ரி 751-இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் நீதி வழங்கும் நெறிகளை ஆராயும் ‘அத்துருகுல் ஹுக்மிய்யா’ என்னும் நூலில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை மூவகையாகப் பிரிக்கிறார்: நல்லவரென அறியப்பட்டவர், தீயவரென அறியப்பட்டவர், நிலை இன்னதென அறியப்படாதவர். மூவரையும் ஒரே மாதிரி நடத்தலாகாது என்பது அவர் கருத்து.

இவ்வாதங்களில் வலுவே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனால், இமாம் அவர்கள் வகுத்தது குற்றஞ்சாட்டப்பட்டவனை எவ்வளவு கண்டிப்போடு நடத்துவது என்பதையே. முறையிட்டவளின் சான்றைப் பார்ப்பதா, பிறகு பார்ப்பதா என்பதற்கு அவர் அந்த அளவுகோலை வைக்கவில்லை. மாறாக, ‘பய்யினா’ எனப்படும் சான்று சாட்சிகளின் வாய்ச்சொல்லோடு முடிந்துவிடுவதன்று, உண்மையை வெளிப்படுத்தும் எதுவும் சான்றே என்று நிலைநாட்டியவரும் அவரே. சான்று கையில் இருக்கும்போது அதனை மூடிவைத்துவிட்டு ஆளின் பெயரைப் பார்த்து வரிசை அமைப்பதற்கு அந்நூலில் இடமில்லை.

முன்பு அவள் வரலாறு, இன்று அவன் வரலாறு

வரலாற்றைப் பார்த்து வழக்கை எடைபோடும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. நெடுங்காலம் பார்க்கப்பட்டது பெண்ணின் வரலாறு. 1972-ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்துக் காவல் நிலையம் ஒன்றில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவலர்களால் சீரழிக்கப்பட்டாள். மதுரா வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில் 1978-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. அவள் முன்பே ஆண் தொடர்பு உடையவள் என்ற பேச்சு அவ்வழக்கு முழுவதும் நிழலாய்ப் படர்ந்திருந்தது. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் அத்தீர்ப்பைக் கண்டித்து 1979-இல் பகிரங்கக் கடிதம் எழுதினர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அதன் பயனாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது.

அதே 1978-ஆம் ஆண்டில் ஹைதராபாத் நல்லகுண்டா காவல் நிலையத்தில் நடந்த ரமீஸா பீ வழக்கை நம் சமுதாயத்து மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஏழை முஸ்லிம் பெண் காவலர்களால் கெடுக்கப்பட்டாள். அவள் கணவன் அடிபட்டு உயிரிழந்தான். நீதிபதி முக்ததர் ஆணையம் காவலர்களே குற்றவாளிகள் என்று கண்டது. எனினும் அவளை விலைமகள் என்று தூற்றுவதிலேயே எதிர்த்தரப்பு முனைந்து நின்றது. வழக்குக் கர்நாடகத்து ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டு, காவலர்கள் விடுதலையாயினர்.

முறையிட்டவளின் ஒழுக்கத்தைக் குறை கூறிச் சாட்சியத்தை உடைக்க இடமளித்த சாட்சியச் சட்டப் பிரிவு 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. ‘இருவிரல் சோதனை’ என்ற இழிவான முறையை 2013-இல் கண்டித்த உச்சநீதிமன்றம், 2022-இல் மீண்டும் கண்டித்துத் தடுக்க வேண்டியிருந்தது. பெண்ணின் வரலாற்றைப் பார்த்தது அநீதி என்று உணர நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. இப்போது ஆணின் வரலாற்றைப் பார்ப்போம் என்கிறார்கள். முன்னதைப்போல இது கொடியதன்று. ஆயினும் பிழையின் வேர் ஒன்றே. இரண்டிலும் சான்று பின்னே நிற்கிறது, பெயர் முன்னே நிற்கிறது.

வரலாறு எழுதிய கை எது?

குற்ற வரலாறு என்பது வானத்திலிருந்து இறங்கிய ஏடன்று. காவல் நிலையத்தில் எழுதப்பட்ட ஏடு. யார் மீது காவல்துறையின் பார்வை விழுந்ததோ அவர் பெயர் அதில் ஏறும். விழாதவர் பெயர் ஏறாது. ஆங்கில அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் தென்பாண்டிச் சீமையின் சில சாதியார் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்யப்பட்டனர். அதனை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களில் 16 பேர் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது 1952-இல். சட்டம் போயிற்று, பட்டியல் போடும் பழக்கம் போயிற்றா?

2024-ஆம் ஆண்டு மே மாதம் டெல்லிச் சட்டமன்ற உறுப்பினர் அமானத்துல்லா கான் தொடுத்த வழக்கில், காவல்துறையின் சரித்திரப் பதிவேடுகள் பற்றி உச்சநீதிமன்றம் பேசியது. சமூகத்தில் பின்தங்கியோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்ற காரணத்தாலேயே குற்றமற்றவர் பெயர்கள் அப்பதிவேடுகளில் இயந்திரம்போல் ஏற்றப்படுவதாக வரும் செய்திகளைக் குறித்துக் கவலை தெரிவித்தது. எல்லா மாநிலங்களும் தம் விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு கூறிற்று. நாட்டின் உயர்ந்த மன்றமே ஐயுறும் ஏட்டையா நீதிக்கு அளவுகோலாகக் கொள்வது?

பட்டியலின் சுமை இன்னதென்று நம் சமுதாயத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டு கோவைக் குண்டுவெடிப்பு வழக்கில் அப்துன் நாஸர் மஃதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 2007-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்த ஒன்பது ஆண்டுகளும் பதிவேட்டின் பார்வையில் அவர் ‘வரலாறு’ உடையவர்தாம். வழக்கு வேறு, குற்றம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் எந்த ஏற்பாடும் ஏழையின் தலையிலேயே வந்து விடியும்.

பதிவேட்டில் இல்லாத பாவிகள்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றோர் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர். பழங்குடிப் பெண்கள் 18 பேரைக் கெடுத்தனர். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோரைக் கடத்தல் வழக்கில் சிறைக்கு அனுப்பினர்.

இங்கே குற்ற வரலாறு யாருக்கு உண்டாயிற்று என்று பாருங்கள். கொடுமை செய்தவர்கள் அரசுச் சம்பளம் பெறும் அலுவலர்கள்; அவர்களின் பணிப் பதிவேட்டில் கறை இல்லை. கொடுமைக்கு ஆளானவர்கள் ‘கடத்தல்காரர்கள்’. அவர்கள் மீதுதான் வழக்கு எண் இருந்தது. பெயர் பார்த்து வரிசை அமைப்பது அன்று விதியாக இருந்திருந்தால் வாச்சாத்திப் பெண்களின் முறையீடு எந்த இடத்தில் நின்றிருக்கும்? வரிசையின் கடைசியிலும் அதற்கு இடம் கிடைத்திருக்குமா? மத்தியப் புலனாய்வுத்துறை வந்து விசாரித்து, 2011 செப்டம்பர் 29 அன்று 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரில் 126 பேர் வனத்துறையினர், 84 பேர் காவலர், 5 பேர் வருவாய்த்துறையினர். சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதனை உறுதி செய்தது. முறையிட்டோர் 31 ஆண்டுகள் காத்திருந்தனர்.

வாச்சாத்தி விதிவிலக்கு என்று யாரேனும் கூறலாம். இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இத்தகைய வழக்குகளில் 100-க்கு 95-க்கு மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு அறிமுகமானவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர். இவர்களில் எத்தனை பேர் பெயர் காவல் நிலையத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்? பொள்ளாச்சியில் ஒன்பது பேர் பெண்கள் பலரைச் சீரழித்த கொடுமை, 2019 பிப்ரவரியில் ஒரு பெண் துணிந்து முறையிடும் வரை வெளியுலகுக்குத் தெரியாது. அதுவரை அக்கொடுமைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட இல்லை. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. முறையீடு பிறந்த பின்னர்தான் வரலாறு பிறந்தது.

பெட்டிக்குள் அடைபட்ட வரலாறு

இதனால் விளங்குவது என்ன? குற்ற வரலாற்றைப் பார்த்துப் பெட்டியைத் திற என்கிறார்கள்; அந்த வரலாறோ திறவாத பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. டெட்ராய்ட் கிடங்கின் பாடம் இதுவே. அந்த எண்ணூறு பேரும் பலமுறை குற்றம் செய்தவர்கள் என்று எப்போது தெரிந்தது? பெட்டிகளைத் திறந்து, ஒன்றன் தடயத்தை மற்றொன்றோடு ஒப்பிட்ட பின்னர். அதற்கு முன் அவர்களில் எத்தனையோ பேர் ஊராரின் கண்ணுக்கு நல்லவர்களாகவே நடமாடியிருப்பர். அந்நகரத்துப் பெட்டிகளை ஆராய்ந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெபெக்கா கேம்பெல் குழுவினர் மற்றொன்றையும் கண்டனர். அறிமுகமற்றவன் செய்த வழக்குகளின் பெட்டிகளும் அறிமுகமானவன் செய்த வழக்குகளின் பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் பலன் தந்தன. இது வேண்டும், அது வேண்டாம் என்று முன்கூட்டியே ஒதுக்கியிருந்தால் பாதி உண்மை மண்ணாகியிருக்கும்.

நம் நாட்டில் அந்த யோசனைக்கு அடித்தளமும் இல்லை. அமெரிக்காவில் தண்டனை பெற்றோரின் மரபணு விவரங்கள் நாடு தழுவிய பதிவகத்தில் உள்ளன. பெட்டியைத் திறந்தவுடன் ஒப்பிடலாம். இங்கே அத்தகைய பதிவகத்தை நிறுவ 2019-இல் மக்களவையில் வைக்கப்பட்ட மரபணுத் தொழில்நுட்ப மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. 2018 செப்டம்பரில் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுப் பட்டியலில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஆனால் தீர்ப்பு வரும் வழக்குகளில் பத்துக்கு மூன்றில்கூடத் தண்டனை கிடைக்காத நாட்டில், தண்டனை பெற்றோர் பட்டியல் குற்றம் செய்தோர் பட்டியலாகுமா? தடயம் சோதிக்கப்படாமையாலும் வழக்குத் தோற்கிறது. வழக்குத் தோற்றதால் அவன் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாமையால் அவன் மீதான அடுத்த பெட்டியும் பின்னே தள்ளப்படும். செக்கு மாடு சுற்றி வருவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

சட்டை சொன்ன சாட்சி

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்நிய நாட்டிலிருந்து விலைக்கு வந்த இளைஞர். குற்றஞ்சாட்டியவளோ நாட்டின் பெரிய அதிகாரியின் மனைவி. பெயரையும் நிலையையும் பார்த்திருந்தால் தீர்ப்பு ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவ்வீட்டாரில் ஒருவரே, சட்டை முன்னே கிழிந்துள்ளதா, பின்னே கிழிந்துள்ளதா என்று பாருங்கள் என்றார். துணி பேசிற்று, உண்மை வெளிப்பட்டது. தறியோடு வாழும் நம் கடையநல்லூர் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அறுந்த இழையைக் கண்ட மாத்திரத்தில் அஃது எங்கே, எப்படி அறுந்தது என்று சொல்லும் நெசவாளிக்குத் துணி பொய் சொல்லாது என்பது தெரியும்.

ஆனால் அவ்வரலாற்றின் அடுத்த பகுதியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சான்றுகளைக் கண்ட பின்னரும், குடும்பத்தின் பெயர் கெட்டுவிடும் என்பதற்காகக் குற்றமற்ற யூஸுஃப் (அலை) சிறையில் அடைக்கப்பட்டார். சான்று இருந்தும் அதனை ஒதுக்கினால் துன்புறுவது நிரபராதி.

இக்காலத்து அறிவியலின் வரலாறும் அதையே கூறுகிறது. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணுக் கைரேகை முறையைக் கண்டறிந்தார். கொலை வழக்கொன்றில் அம்முறை முதலில் செய்த வேலை, தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞனை நிரபராதி என்று விடுவித்ததுதான். உண்மைக் கொலையாளி 1988-இல் தண்டிக்கப்பட்டான்.

நம் தேனி மாவட்டத்துச் சுருளி அருவி வழக்கையும் சொல்ல வேண்டும். 2011 மே மாதம் அங்கே இளம் இணையர் கொல்லப்பட்டனர், அப்பெண் கெடுக்கப்பட்டிருந்தாள். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்சநீதிமன்றம் அவனை விடுவித்தது. தடயங்கள் கைமாறிய முறையிலும், ஆய்வகத்துக்கு அனுப்பியதில் நேர்ந்த தாமதத்திலும் குறைகள் மலிந்து கிடந்தன. இனி மரபணு மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்று அம்மன்றம் நாடு முழுவதற்கும் கட்டளையிட்டது. இறந்தவளுக்கும் நீதி இல்லை. கழுமரத்தின் நிழலில் ஆண்டுகளைக் கழித்தவனுக்கும் அவை திரும்பப் போவதில்லை. பெட்டியைப் பேணாமையால் இருவரும் இழந்தனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தொழுகைக்குச் சென்ற பெண்ணொருத்தி வழியில் கெடுக்கப்பட்ட நிகழ்ச்சியை வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) வாயிலாக அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். அவ்வழியே சென்ற வேறொருவர் பிடிபட்டார். தண்டனை விதிக்கும் தறுவாயில் உண்மைக் குற்றவாளி தானே எழுந்து ஒப்புக்கொண்டான். அப்பெண் மீது குற்றமில்லை என்று அனுப்பப்பட்டாள். அக்காலத்தில் குற்றவாளியின் நெஞ்சம் எழுந்து நின்றது. இக்காலத்தில் எவன் எழுந்து நிற்கிறான்? அவனுக்குப் பதிலாக அந்தப் பெட்டிதான் எழுந்து நிற்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது

ஆள் இல்லை, பணம் இல்லை, என்ன செய்வது என்று அரசினர் கேட்கலாம். 1849-இல் சென்னையில் தொடங்கப்பட்ட இரசாயனப் பரிசோதகர் ஆய்வகமே இந்தியாவின் முதல் ஆய்வகம். அத்தகைய மரபுடைய மாநிலம் நம்முடையது. திருநெல்வேலி, மதுரை முதலிய நகரங்களில் வட்டார ஆய்வகங்களும் உள்ளன. ஆனால் 2025-ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கைப்படி நாடெங்கும் தடய அறிவியல் பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலி. நிர்பயா நிதியிலிருந்து மாநிலங்களுக்கு முதற்கட்டமாக வழங்கப்பட்ட தடயப் பெட்டிகள் ஏறத்தாழ 15,000. 2022-ஆம் ஆண்டில் மட்டும் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடம் செல்ல வேண்டும் என்கிறது. இதனைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்துள்ளது. வேலை பெருகப் போகிறது. ஆளை நியமிக்காமல் பெட்டிகளை வரிசைப்படுத்தும் உபாயம் தேடுவது, கஞ்சி காய்ச்சாமல் பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்று ஆலோசிப்பது போன்றதே.

முன்னுரிமை என்பதே கூடாதென்று நாம் சொல்லவில்லை. குழந்தைகள் வழக்கு முதலில் வரட்டும். 2019-இல் உச்சநீதிமன்றமும் தானே முன்வந்து அவ்வழக்குகளின் ஆய்வறிக்கைகளை விரைந்து தரப் பணித்தது. ஆள் இன்னாரென்று தெரியாமல் ஊரில் உலவும் வழக்கு முதலில் வரட்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணையின்றிச் சிறையில் வாடும் வழக்கும் முதலில் வரட்டும். அவர் நிரபராதியானால் ஒரு நாளும் வீணாகலாகாது. இவை தேவையைப் பார்க்கும் முன்னுரிமைகள். பெயரைப் பார்க்கும் முன்னுரிமையே வேண்டாதது. ஏனைய பெட்டிகள் வந்த நாளின் வரிசையில் திறக்கப்படட்டும். எந்தப் பெட்டியும் எத்தனை நாளில் திறக்கப்படும் என்பதற்கு வரம்பு வேண்டும். அவள் பெட்டி இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்ல ஓர் அலுவலர் வேண்டும். புலனாய்வை இரண்டு மாதத்தில் முடி என்று சட்டம் காவலருக்குக் கெடு விதிக்கும்போது, ஆய்வகத்துக்கு மட்டும் கெடு இல்லாதிருப்பது என்ன நியாயம்?

நம் வீட்டுப் பட்டியல்

அரசின் பட்டியலைப் பேசினோம். நம் தெருக்களில் உள்ள பட்டியலைப் பேசாதிருப்பது நேர்மையாகாது. முறையீடு ஒன்று எழுந்தால், “அவன் நல்ல குடும்பத்துப் பையன்”, “ஐவேளை தொழுகிறவன்”, “சபுராளியின் மகன்” என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உளர். இதுவும் பெயரைப் பார்த்து வரிசை அமைப்பதன்றி வேறென்ன? சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆண்கள் பொருள் தேடச் சென்றுவிட்ட நம் ஊர் வீடுகளில், தாயும் மகளும் தனித்திருக்க, உதவி என்ற பெயரில் உள்ளே வருகிறவன் அறிமுகமானவனே. அவன் மீது காவல் நிலையத்தில் ஒரு காகிதமும் இராது. ஜமாஅத்தில் பேசி முடித்துக் கொள்ளலாம் என்று மூடப்படும் ஒவ்வொரு வழக்கும் திறக்கப்படாத பெட்டியே. பாதிக்கப்பட்டவர் குழந்தையானால் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குற்றம் என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் அறிந்துகொள்ள வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒன்றைத் தனியே சொல்ல விரும்புகிறோம். கொடுமைக்கு ஆளான மகள் முதலில் நாடுவது குளியலை. தாயும் தூய்மை கருதி அதையே செய்யச் சொல்வாள். அந்தக் குளியலில் சான்று முழுவதும் கரைந்து போகிறது. சான்றைக் காக்கும் கட்டாயத்தின் பொருட்டுக் குளிப்பைச் சற்றுத் தாமதிப்பதில் மார்க்கத்தில் குற்றமில்லை. இதனை உலமாப் பெருமக்கள் மிம்பரிலும் பெண்கள் மதரஸாக்களிலும் நாணாது எடுத்துச் சொல்ல வேண்டும். உடுத்திய உடையைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் இடாமல், காகித உறையில் வையுங்கள். நான்கு நாள் வரையிலும் தடயம் எடுக்க முயல வேண்டும் என்பது மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை. ஆயினும் எத்துணை விரைவோ அத்துணை நன்று. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தரச் சட்டம் பணிக்கிறது. முதல் தகவல் அறிக்கை இல்லையென்று திருப்பி அனுப்ப எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை. பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும். சம்மதிக்க மறுத்தாலும் சிகிச்சை மறுக்கப்படலாகாது.

அமானிதம் என்பதன் பொருளை நம் பிள்ளைகளுக்கு ஏட்டுப் பள்ளியின் முதல் வகுப்பிலேயே கற்பிக்கிறோம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறைவின்றித் திருப்பித் தருவதே அது. தன் மானமும் வேதனையும் அடங்கிய பெட்டியை ஒரு பெண் அரசின் கையில் ஒப்படைக்கிறாள். அதனைத் திறக்குமுன் அவன் யார், எத்தனை வழக்குக் கண்டவன், எந்தத் தெருக்காரன் என்று கேட்பது அமானிதத்துக்கு மோசம் செய்வதாகும். அவள் எவனைச் சுட்டினாலும் சரி. அவன் பட்டியலில் இருப்பவனாயினும், பள்ளிவாசல் முன்வரிசையில் நிற்பவனாயினும், அரசுச் சீருடை அணிந்தவனாயினும் சரி. முதலில் பெட்டி திறக்கப்படட்டும். அது சொல்வதைக் கேட்ட பின்னர் பெயர்களைப் பற்றிப் பேசுவோம்.